பொதுச் சுகாதாரம் படிக்க ஆசை, கையில் பணம் குறைவு: பிளஸ் டூ முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கிராமங்களில் உடல்நலக் கணக்கெடுப்பு வேலை பார்க்கிறவள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தெரிந்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று வரிசையாகப் போன் வரும். கொரோனாவுக்குப் பிறகு ‘பப்ளிக் ஹெல்த்’ என்ற பெயர் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கல்லூரிகள் செய்யும் விளம்பரமும் கூடிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, பப்ளிக் ஹெல்த் படிச்சா டாக்டர் ஆகலாமா? இல்ல டாக்டருக்கு அசிஸ்டென்ட் மாதிரியா?

இரண்டும் இல்லை. டாக்டர் தன் முன்னால் வந்து உட்காரும் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் ஊரைப் பார்க்கிறது. இந்தத் தெருவில் மட்டும் ஏன் வயிற்றுப்போக்கு, எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது, தடுப்பூசி போடாத குழந்தைகள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்று தேடுவது அதன் வேலை. ஊசி போடவோ மருந்து எழுதவோ இந்தப் படிப்பு உரிமை தராது.

பாடங்களில் முக்கியமானவை தொற்றுநோயியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராய்வது), உயிரிப் புள்ளியியல் (உடல்நலம் பற்றிய எண்களை அலசுவது), சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கை, மக்களின் நடத்தையும் சமூகமும். எண்களைக் கண்டு பயப்படாத மனசும், வெயிலில் வீடு வீடாக நடக்கத் தயங்காத காலும் இருந்தால் பிடித்துப்போகும். ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் முடியும்.

தமிழ்நாட்டுல இதை டிகிரியா எங்க படிக்கலாம்?

நம் ஊரில் பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் முதுகலைப் படிப்பு. எம்.பி.எச். (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) என்று சொல்வது அதைத்தான். மருத்துவக் கல்லூரிகளில் அது சமூக மருத்துவம் என்ற பெயரில் எம்.பி.பி.எஸ்., எம்.டி. பாடமாக இருக்கிறது. இளங்கலையில் இதே பெயரில் நடத்துபவை சில தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்தான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் பாடப்பட்டியலில் தேடினால் கிடைப்பது அரிது.

இதில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் சென்னை. இன்றும் தனியாக ஒரு பொதுச் சுகாதாரத் துறையும் அதற்கென அதிகாரிகளும் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. அப்படிப்பட்ட இடத்தில் பிளஸ் டூ முடித்த ஏழைப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை அரசுக் கல்லூரியில் படிக்கும் வழி ஏறக்குறைய இல்லாதது பெரிய குறை. அது வரும் வரை சுற்றி வளைத்துத்தான் போயாக வேண்டும்.

நீட் எழுதணுமா? நான் காமர்ஸ் குரூப், சேர முடியுமா?

நீட் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் பிளஸ் டூ மதிப்பெண்தான். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நுழைவுத் தேர்வு வைக்கும். பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் உள்ள இளங்கலைக்குப் பல இடங்களில் அறிவியல் பாடம் கேட்பார்கள். காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு அடுத்த இரண்டு கேள்விகளில் நான் சொல்லும் வழி நன்றாகவே பொருந்தும்.

ஒரு காலேஜ்ல விசாரிச்சேன், வருஷத்துக்கு லட்சத்துக்கு மேல சொல்றாங்க. இது நியாயமா? குறைஞ்ச செலவுல முடியாதா?

முதலில் அவர்கள் கொடுத்த கட்டணத் தாளை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டும். கீழே ஆய்வகம், தேர்வு, சீருடை, நூலகம், ‘மேம்பாட்டு நிதி’ என்று வரிகள் போகும். விடுதியும் பேருந்தும் தனி. களப்பயிற்சிக்குப் போகும் செலவு யாருடையது என்பது எந்தத் தாளிலும் இருக்காது, வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள். மூன்று வருடத்துக்கும் எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கல்லூரியில் சேராதீர்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மலைக்க வைக்கும். அங்கே இணையவழி விண்ணப்பமே 50 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அதுவும் 2 ரூபாய். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பொதுச் சுகாதாரம் என்ற பெயர் பட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நிலத்தை அடகு வைக்காதீர்கள். அரசுக் கல்லூரியில் இதோடு ஒட்டிய ஒரு பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு, சேமித்த பணத்தையும் தெம்பையும் நல்ல எம்.பி.எச்.-க்கு வைத்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அப்போ என்ன டிகிரி எடுக்கறது? எதை எடுத்தா பின்னாடி பப்ளிக் ஹெல்த்துக்குள்ள போக முடியும்?

என்னைக் கேட்டால் முதல் பெயர் புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இருக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடும் இடம் கணக்குப் பக்கம்தான். களத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான படிவங்களை ஒழுங்குபடுத்தி, அதிலிருந்து ஒரு முடிவை எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு எந்த ஆய்வுக் குழுவிலும் நாற்காலி உண்டு. கூடவே டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாக வரும் புள்ளியியல் பணிகளுக்கும் வழி திறக்கும்.

மக்களோடு பேசிப் பழகப் பிடித்தவர்களுக்குச் சமூகப் பணி, சமூகவியல். சாப்பாடு, ரத்தசோகை, குழந்தை எடை போன்றவற்றில் ஆர்வம் என்றால் ஊட்டச்சத்து அல்லது மனையியல். ராணி மேரிக் கல்லூரியில் மனையியல் துறை இருக்கிறது, கோவை அவினாசிலிங்கம் இந்தப் பாடங்களுக்கே பேர்போன நிறுவனம். ஆய்வகம் பிடிக்கும் என்றால் நுண்ணுயிரியல். பொருளாதாரம் படித்தவர்கள் சுகாதாரச் செலவு, காப்பீடு பற்றிய ஆய்வுகளுக்குப் போகிறார்கள், காமர்ஸ் பிள்ளைகள் இதை யோசிக்கலாம்.

பி.எஸ்சி. நர்சிங் தனி ரகம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கையில் ஒரு தொழில் இருக்கும், எம்.பி.எச். நடத்தும் பல நிறுவனங்கள் நர்சிங் பட்டத்தை ஏற்கும்.

பெயர்லயே பப்ளிக் ஹெல்த் இருக்கற டிகிரிதான் வேணும்னு பையன் அடம் பிடிக்கறான் மேடம். நல்ல காலேஜ்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வசதி இருந்து, பையனுக்கும் உண்மையான ஆசை இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். கட்டடத்தையும் ஏ.சி. வகுப்பையும் பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் கேள்வியில் சொன்ன ஐந்து பாடங்களும் இருக்கின்றனவா, தொற்றுநோயியலும் புள்ளியியலும் ஒரு பருவத்தோடு முடிந்துவிடுகின்றனவா, தொடர்கின்றனவா என்று பாருங்கள். மருத்துவமனை நிர்வாகப் பாடங்களை நிறையச் சேர்த்துவிட்டு மேலே பொதுச் சுகாதாரம் என்று பெயர் ஒட்டிய படிப்புகள் உண்டு. அது மோசமான படிப்பு இல்லை, ஆனால் நீங்கள் தேடிவந்தது அதுவல்ல.

அடுத்து, களப்பயிற்சி எந்த ஊரில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எத்தனை வாரம் என்று கேளுங்கள். நல்ல கல்லூரி ஊர்ப் பெயரைச் சட்டென்று சொல்லும். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, “டெங்கு கணக்கெடுப்பு எப்படிப் பண்ணுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். களத்துக்குப் போனவர் என்றால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்ததையும், மொட்டைமாடி டயரையும், மூடாத பிளாஸ்டிக் டிரம்மையும் பற்றிப் பேச ஆரம்பிப்பார். நூறு வீடு பார்த்து 12 வீட்டில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அந்த நூறு வீட்டிலும் புழு இருந்த பாத்திரங்கள் 19 என்றால் பிரெட்டோ குறியீடு 19. இதைத் தடுமாறாமல் விளக்குகிற மாணவரை உருவாக்கிய கல்லூரி நல்ல கல்லூரிதான்.

ஆசிரியர்கள் யார் என்பதும் முக்கியம். சமூக மருத்துவம், புள்ளியியல், சமூக அறிவியல் மூன்று பக்கமும் முழுநேர ஆள் இருக்க வேண்டும். ‘கௌரவப் பேராசிரியர்’ பட்டியல் நீளமாக இருந்து, தினமும் வகுப்புக்கு வருபவர் ஒருவரே என்றால் யோசியுங்கள். முன்பு படித்து முடித்தவர்களில் இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். கல்லூரி தரவில்லை என்றால் லிங்க்ட்இன்னில் நீங்களே தேடலாம்.

யு.ஜி.சி. அங்கீகாரம், நாக் ஏ பிளஸ்னு போர்டு வச்சிருக்காங்க. அது போதாதா?

யு.ஜி.சி. அங்கீகாரம் இல்லையென்றால் உள்ளேயே போகாதீர்கள், அது அடிப்படை. பல்கலைக்கழகத்தின் பெயர் யு.ஜி.சி. இணையதளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அங்கேயே போட்டிருக்கிறார்கள். நாக் என்பது கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு, அதன் தரம் கல்லூரி முழுமைக்கும் தருவது. குறிப்பிட்ட ஒரு துறை எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது, அதற்கு முந்தைய பதிலில் உள்ள வழிதான்.

2021-ல் துணை மருத்துவ, உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பத்து வகைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதன் கீழ் வருகின்றன. நீங்கள் சேரும் படிப்பு அந்தப் பட்டியலில் வருகிறதா, பதிவு தேவையா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அரசு வேலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பதவிக்கு இன்ன பட்டம் வேண்டும் என்று விதி சொன்னால், வேறு பெயருள்ள பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் வரும் பட்டங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல, இல்ல தபால்ல படிக்கலாமா?

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து, மேலே சொன்ன 2021 சட்டத்துக்குள் வரும் உடல்நலப் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு ஊட்டச்சத்து எல்லாம் அதில் அடக்கம். “இன்னும் இடம் இருக்கு, இன்னைக்கே பணம் கட்டுங்க” என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

பட்டம் வேண்டாம், பாடம் தெரிந்தால் போதும் என்றால் நல்ல வழி இருக்கிறது. சுயம், என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளங்களில் இலவச வகுப்புகள் உண்டு. சென்னையில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உடல்நல ஆய்வு அடிப்படைகள் வகுப்பை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். மூன்று வருடம் செலவழித்துச் சேருவதற்கு முன், இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் இது உதவும்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆகணும். அதுக்கு இந்த டிகிரி போதும்தானே?

போதாது. நிறையப் பேர் பணத்தை இழப்பது இந்த நம்பிக்கையில்தான். தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளர் இரண்டாம் நிலைப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது பட்டம் அல்ல. பிளஸ் டூவில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். அதற்குமேல் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர், சுகாதார ஆய்வாளர், துப்புரவு ஆய்வாளர் என்ற பெயர்களில் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட இரண்டு வருடப் பயிற்சி வேண்டும். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் இந்தப் பயிற்சி நெடுங்காலமாக நடக்கிறது. இந்த வேலைதான் குறி என்றால் பட்டத்தை விட்டுவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போங்கள், செலவும் குறைவு. சேரும் முன், அந்த நிறுவனத்தின் சான்றிதழைத் தேர்வு வாரியம் ஏற்கிறதா என்று கடைசியாக வந்த அறிவிப்பை எடுத்துப் படித்துவிடுங்கள்.

ஃபுட் சேஃப்டி ஆபீசர்?

உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-ல் தகுதியான பட்டங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேதியியலில் முதுகலை, மருத்துவம். இதில் பொதுச் சுகாதாரம் இல்லை. அரசுக் கல்லூரியில் சில ஆயிரத்துக்குப் படித்த நுண்ணுயிரியல் பட்டதாரி விண்ணப்பிக்கலாம், லட்சங்கள் கட்டிய பொதுச் சுகாதாரப் பட்டதாரியால் முடியாது. வேலை அறிவிப்பை முதலில் படியுங்கள், படிப்பை அப்புறம் தேர்வு செய்யுங்கள் என்று நான் ஒவ்வொரு போனிலும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஸ்காலர்ஷிப், லோன் ஏதாவது கிடைக்குமா?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது பெரிய கை கொடுக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள், ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

கடனைப் பொறுத்தவரை, 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் வங்கிகள் தர வழி இருக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக இளங்கலையிலேயே வாங்கிவிடாதீர்கள். இந்தத் துறையில் இளங்கலை முடித்தவுடன் கிடைக்கும் சம்பளத்தில் பெரிய தவணை கட்ட முடியாது.

எம்.பி.எச். டாக்டர்களுக்கு மட்டும்தான்னு சொல்றாங்களே?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் எம்.பி.எச். முக்கியமாக மருத்துவர்களுக்கானது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடங்கள் மருத்துவம் படிக்காதவர்களையும் சேர்க்கின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர் இரண்டும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் பேர்போன இடங்கள். ஒவ்வொன்றின் தகுதி விதியும் வேறு. மருத்துவம் சாராத பட்டதாரி என்றால் முதுகலையோ வேலை அனுபவமோ கேட்கும் இடங்களும் உண்டு.

அதனால் இளங்கலையில் சேரும்போதே, நீங்கள் கனவு காணும் இரண்டு மூன்று நிறுவனங்களின் எம்.பி.எச். விதியை எடுத்து, உங்கள் பட்டத்தின் பெயர் அதில் வருகிறதா என்று பாருங்கள். இடையில் ஒன்றிரண்டு வருடம் ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் களப்பணி செய்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

ஜெர்மனியில ஃப்ரீயா படிக்கலாம்னு ஏஜென்ட் சொல்றார். அமெரிக்க ஆன்லைன் டிகிரியும் இருக்காமே?

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பேடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. பிரேமன் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் இளங்கலையாகவே இருக்கிறது, ஆனால் பாடம் ஜெர்மன் மொழியில். வெறும் பிளஸ் டூவோடு பெரும்பாலும் நேரடியாகச் சேர முடியாது, ஆயத்த ஆண்டு படிக்க வேண்டிவரும். விசாவுக்கு வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ என்று 2024-ல் உயர்ந்தது. ஏஜென்ட் சொன்ன ‘ஃப்ரீ’யில் இந்தக் கணக்கெல்லாம் வந்திருக்காது.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பு சி.இ.பி.எச். அதன் பட்டியலில் இளங்கலைப் படிப்புகளும் உண்டு. அங்கே மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத்தான் குறைந்த கட்டணம், வெளியாருக்குப் பல மடங்கு. முழுக்க ஆன்லைன் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. இங்கே உட்கார்ந்து டாலரில் கட்டி வாங்கும் அந்தப் பட்டத்தை நம் அரசு வேலைக்கு ஏற்பார்களா என்பதும் தனிப் பிரச்சினை.

நான் யாழ்ப்பாணம். எங்கட பிள்ளைகளுக்கு இலங்கையில என்ன வழி?

உங்கள் பக்கம் ஒரு விதத்தில் நிலைமை நல்லது. ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாடு என்ற பட்டப்படிப்பே இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் இல்லை, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைப் பொறுத்து இடம் கிடைக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆக விரும்பினால் அது பட்டம் அல்ல, பயிற்சி. களுத்துறையில் உள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் அதற்குப் பேர்போனது. சுகாதார அமைச்சின் அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும்.

நான் ஏற்கெனவே தனியார்ல சேர்ந்துட்டேன் அக்கா. இதைப் படிச்சதும் பயமா இருக்கு. விட்டுடவா?

முதல் வருடத் தொடக்கத்தில் இருந்தால், கட்டணத்தைத் திருப்பிக் கேட்க யு.ஜி.சி. விதி இருக்கிறது. எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிவிப்பார்கள், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாம் வருடம் தாண்டிவிட்டீர்கள் என்றால் விட வேண்டாம், முடித்துவிடுங்கள்.

மீதி இருக்கும் காலத்தில் புள்ளியியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதில் கை பழகட்டும். விடுமுறையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அனுமதி வாங்கி, கிராம சுகாதார செவிலியரோடு ஒரு மாதம் நடங்கள். ஒரு துணை சுகாதார நிலையத்துப் பதிவேட்டை அவர் எப்படி நிரப்புகிறார், யாருக்குத் தடுப்பூசி தவறியது என்பதை எப்படிப் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிடும். அந்த ஆய்வை ஒழுங்காகச் செய்து முடித்தால், எம்.பி.எச். விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.